மேல்பார் இல்லாத சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? அளவு முதல் காகிதம் வரை

முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு, கேரியரில் குழந்தை சீட், நீளமான ஆடை, உயரக் குறைவு. காரணம் எதுவாக இருந்தாலும், காலைப் பின்னால் சுழற்றிப் போடாமல் ஏறக்கூடிய சைக்கிள் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்ல முடிவு. அம்மாவுக்காக நான் தேடி அலைந்தபோது பல கடைகளில் கிடைத்தது ஒரே பதில்தான்: “லேடீஸ் மாடல் எல்லாம் ஒண்ணுதாங்க, கலரைப் பாருங்க.” எல்லாம் ஒன்று கிடையாது. கால் வைக்கும் உயரம், சுமை ஏற்றினால் நடந்துகொள்ளும் விதம், பழுது வரும் இடம் என்று எல்லாமே ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். இதை ஆண்களும் தாராளமாக ஓட்டலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் வகையைப் பிரித்துப் பாருங்கள்

சாதாரண ஃப்ரேமில் ஹேண்டில் கழுத்திலிருந்து சீட் குழாய்க்கு ஏறக்குறையக் கிடையாக ஒரு மேல்பார் ஓடும். அந்தப் பாரைத் தாழ்த்தியோ வளைத்தோ முழுக்க எடுத்துவிட்டோ, காலை முன்பக்கமாகவே நுழைக்க வழி செய்திருந்தால் அது ஸ்டெப்-த்ரூ ஃப்ரேம். பெயருக்குள்ளே அடங்கும் வகைகள் பல. கடையில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஒற்றைக் குழாய் வகையில் மேல்பாரே கிடையாது. பருத்த ஒரே கீழ்பார் கழுத்திலிருந்து இறங்கி, பெடல் அச்சை ஒட்டி வளைந்து சீட் குழாயைப் பிடிக்கும். மிகத் தாழ்வானது இதுதான். பேட்டரி வண்டிகளில், அதாவது பேட்டரியும் மோட்டாரும் பொருத்திய மிதிவண்டிகளில், அதிகம் காண்பதும் இதைத்தான்.

வளைபார் வகையில் இரண்டு குழாய்கள் இருக்கும். மேல் குழாய் கழுத்திலிருந்து வளைந்து இறங்கி, கீழ்பாருக்கு இணையாக ஓடி, சீட் குழாயின் அடிப்பகுதியில் சேரும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் டச்சு நகர சைக்கிள்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாய்பார் வகையில் மேல்பார் நேராக, ஆனால் நன்றாகச் சாய்ந்து, சீட் குழாயின் நடுவில் வந்து சேரும். பார்க்கத் தாழ்வாகத் தெரிந்தாலும் காலை ஓரளவு தூக்கியே ஆக வேண்டும்.

நான்காவது மிக்ஸ்ட் எனப்படும் வகை. மேல்பாருக்குப் பதில் மெல்லிய இரண்டு குழாய்கள் கழுத்தில் தொடங்கி, சீட் குழாயின் இரு பக்கமும் உரசிக்கொண்டு போய், பின்சக்கர அச்சிலேயே முடியும். தாண்டும் உயரம் நடுத்தரம். சுமைக்கும் வேகத்துக்கும் மற்ற மூன்றையும்விட நன்றாக ஈடுகொடுக்கும். புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய சைக்கிள் சந்தையில் நல்ல நிலையில் ஒன்று மாட்டினால் விட்டுவிடாதீர்கள்.

2. உங்கள் காலை அளந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தரையிலிருந்து, உங்கள் பாதம் கடக்கும் இடத்தில் உள்ள குழாயின் மேல்விளிம்பு வரையிலான உயரமே முக்கியம். இதைத் தாண்டு உயரம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி வண்டிகளில் “தாழ்வு” என்று விற்கப்படுபவை ஏறத்தாழ 40 முதல் 50 செ.மீ. வரை இருக்கும். “நடுத்தரம்” என்றால் அதற்கு மேல். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே இடத்தில் அளப்பதில்லை. ஒருவர் குழாயின் மிகத் தாழ்ந்த புள்ளியில் அளப்பார், இன்னொருவர் நடுவில் அளப்பார். அதனால் விளம்பரத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பாமல், கையில் டேப்போடு போங்கள்.

வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். ஓட்டும்போது அணியும் செருப்பும் உடையும் அணிந்து, ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நூலைத் தொடாமல் காலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வையுங்கள். பிறகு அதே காலைத் திரும்ப எடுங்கள். எடுப்பதுதான் கடினம். குதிகால் நூலில் தட்டும். பத்து முறை செய்தபின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எளிதாக இருந்தால் நூலை 5 செ.மீ. உயர்த்துங்கள். சிரமம் தொடங்கும் உயரத்துக்கு ஒரு படி கீழே இருப்பதுதான் உங்கள் எண். வலி உள்ளவர்கள் வலி அதிகமாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காலையிலோ நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகோ, இதைச் செய்து பார்க்க வேண்டும். எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்துவிட்டதா? அதைவிடத் தாழ்வாகத் தேடாதீர்கள். 55 செ.மீ. தாராளமாகத் தாண்டுகிறவருக்கு 40 செ.மீ. ஃப்ரேம் தேவையில்லை. தாழ்த்தத் தாழ்த்த ஃப்ரேமின் விறைப்புக் குறையும், அல்லது அதை ஈடுகட்ட எடை கூடும்.

3. சைஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

சாதாரண சைக்கிளில் பாரின் மேல் கால்பரப்பி நின்று பார்த்து சைஸ் சரியா என்று சொல்வார்கள். இங்கே பாரே இல்லை, அதனால் அந்தச் சோதனையும் இல்லை. மிகப் பெரிய சைஸ்கூட ஏறும்போது வசதியாகத் தோன்றும். ஓட்டும்போதுதான் ஹேண்டில் எட்டவில்லை என்று தெரியும்.

சீட் உயரத்துக்கு எளிய வழி: உட்கார்ந்து, பெடலை அடிப்புள்ளிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதன்பின் ஹேண்டிலைப் பிடித்து முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முழங்காலில் இடித்தால் சைஸ் சிறியது. முதுகு நீண்டு தோள் விறைத்தால் பெரியது.

சீட் கம்பியில் “இதற்கு மேல் இழுக்கக் கூடாது” என்ற கோடு இருக்கும். சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றியபின் அந்தக் கோடு வெளியே தெரிந்தால் வேறு சைஸ் கேளுங்கள். கம்பியின் அடிமுனை, பின்சக்கரத்திலிருந்து வரும் கம்பிகள் சீட் குழாயில் சேரும் இடத்துக்குக் கீழே வரை போயிருக்க வேண்டும்.

4. ஃப்ரேமைத் தொட்டுப் பாருங்கள்

சாதாரண ஃப்ரேம் உறுதியாக இருப்பதற்குக் காரணம் முக்கோணம். மேல்பாரை எடுத்தால் முக்கோணம் திறந்துவிடுகிறது. மேலிருந்து அழுத்தும் சுமையை மீதிக் குழாய்களே தாங்க வேண்டியிருக்கிறது. முறுக்கு விசைக்கு எதிரான பலமும் குறைகிறது. ஒரு பக்கப் பெடலை அழுத்தும்போதும், பின்னால் சுமையோடு திரும்பும்போதும் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமும் திருகப் பார்க்கும்.

இதைச் சரிசெய்யக் குழாயைப் பருமனாக்குவார்கள். சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு, முறுக்கைத் தாங்கும் விறைப்போ சுமார் எட்டு மடங்கு. ஒற்றைக் குழாய் ஃப்ரேமில் அவ்வளவு பருத்த குழாய் வைப்பது இதற்காகத்தான். ஆகவே ஒற்றைக் குழாய் ஒல்லியாகவும் அழகாகவும் இருந்தால் மகிழ வேண்டாம். குழாயைக் கையால் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் எளிதாகச் சந்தித்தால், இரண்டாவது குழாயோ வலுவூட்டும் தகடோ வேறெங்கும் இல்லையென்றால், கேரியரில் கனமாக எதையும் ஏற்ற நினைக்காதீர்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: வண்டியின் பக்கத்தில் நின்று, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கப் பெடலை அடிப்புள்ளிக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, பெடலைக் காலால் பக்கவாட்டில் உள்நோக்கித் தள்ளுங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஸ்டெப்-த்ரூவில் அதே அழுத்தம் கொடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் காலிலேயே தெரிந்துவிடும். தனியாக ஒன்றை மட்டும் சோதித்து முடிவுக்கு வராதீர்கள்.

பற்றவைப்புகளையும் பாருங்கள். கழுத்தின் அடிப்பக்கம், கீழ்பார் பெடல் அச்சில் சேரும் இடம், சாய்பார் என்றால் அது சீட் குழாயைத் தொடும் இடம். சாய்பார் தாழ்வாகவும் பின்கம்பிகள் உயரமாகவும் வந்து சேர்வதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள சீட் குழாய்த் துண்டு வளைவு விசையைத் தனியாகத் தாங்குகிறது. பழைய வண்டியில் விரிசல் தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம் பொருந்துகிறது என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதில் நகர சைக்கிள் ஃப்ரேமுக்கு ஒவ்வொரு பெடலிலும் 1000 நியூட்டன் விசையை மாற்றி மாற்றி 1 லட்சம் சுற்று கொடுத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். பேட்டரி வண்டி என்றால் ஐரோப்பியத் தரமான இஎன் 15194. ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இது அச்சாகியிருக்கும். வாய்வார்த்தை போதாது.

5. சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

காலியாக ஓட்டும்போது எல்லா ஸ்டெப்-த்ரூவும் சொகுசாக இருக்கும். சிக்கல் கேரியரில் கனம் ஏறும்போது வரும். ஒரு வேகத்தில் ஹேண்டில் தானாகவே இடம் வலம் என்று நடுங்கத் தொடங்கும். சாதாரண சைக்கிளில் இப்படி நடுங்கினால் முழங்காலை மேல்பாரில் அழுத்தி அடக்கலாம். இங்கே அழுத்துவதற்குப் பார் இல்லை. நடுங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், மிதிப்பதை நிறுத்தி, சீட்டிலிருந்து எடையைச் சற்றே எழுப்பி, பின் பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

அதனால் ஓட்டிப் பார்க்கப் போகும்போது நீங்கள் நிஜமாக ஏற்றப் போகும் எடையைக் கையோடு கொண்டுபோங்கள். அரிசியோ புத்தகமோ எதுவானாலும் சரி, கேரியரில் இறுக்கமாகக் கட்டி, வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் மெல்ல வேகம் கூட்டுங்கள். குழந்தையை வைத்து முதல் சோதனை செய்யவே கூடாது.

நடுக்கம் தெரிந்தால் சுமையைத் தாழ்த்திப் பாருங்கள். கேரியரின் மேலே ஒரே மூட்டையாக வைப்பதைவிட இரண்டு பக்கமும் பைகளில் பிரித்துத் தொங்கவிட்டால் நன்றாகக் குறையும். கொஞ்சத்தை முன்னாலும் மாற்றலாம். அதற்கும் அடங்காத ஃப்ரேமை உங்கள் தேவைக்கு ஒத்துவராதது என்று ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்:

- வண்டியின் மொத்த அனுமதி எடை. வண்டி, ஓட்டுபவர், சுமை எல்லாம் சேர்த்து. கையேட்டில் இருக்கும்.
- கேரியரின் தாங்குதிறன். கேரியரிலேயே பொறித்திருக்கும். 25 கிலோ என்பது பரவலாகக் காணப்படும் எண்.
- குழந்தை சீட்டின் எடை வரம்பு. ஐரோப்பியத் தரமான இஎன் 14344 எடுத்துக்கொள்வது 9 முதல் 22 கிலோ வரையிலான குழந்தைகளை.

25 கிலோ கேரியரில் குழந்தையின் எடை மட்டுமல்ல, சீட்டின் சொந்த எடையும் சேரும். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு பொறி: சில குழந்தை சீட்டுகள் கேரியரில் உட்காராமல் சீட் குழாயை ஒரு கிடுக்கியால் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிடுக்கி பெரும்பாலும் 28 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழாய்க்கே பொருந்தும். ஒற்றைக் குழாய் ஃப்ரேம்கள் பலவற்றில் சீட் குழாய் பருத்தோ நீள்வட்டமாகவோ இருக்கும், அல்லது அந்த இடத்தில் பேட்டரி இருக்கும். குழந்தை சீட்டை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் பொருத்தும் விதியோடு சைக்கிள் கடைக்குப் போவதுதான் சரியான வரிசை.

6. பேட்டரி வண்டி என்றால் பேட்டரி எங்கே இருக்கிறது?

பேட்டரி கீழ்பாருக்குள் இருந்தால் எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும், ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் குழாய் பருத்துத் தாண்டு உயரம் கூடும். சீட் குழாய்க்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தால் கால் வைக்க இடம் தாராளம். வண்டி கொஞ்சம் நீளும். கேரியருக்குள் வைத்திருந்தால் எடை உயரத்திலும் பின்னாலும் போய்விடும். மேலே சொன்ன நடுக்கத்துக்கு இதுவே பாதி காரணமாகிவிடும். குழந்தை சீட் வைக்கப் போகிறவர்கள் கேரியர் பேட்டரியைத் தவிர்த்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது அது எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதையும் நீங்களே செய்து பாருங்கள். குனிய முடியாதவருக்கு அடிப்பக்கமாகக் கழலும் பேட்டரி தினசரித் தொல்லை.

7. செலவுக் கணக்கு

ஒரே மாடலைச் சாதாரண ஃப்ரேம், ஸ்டெப்-த்ரூ ஃப்ரேம் இரண்டிலும் விற்கும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே விலைதான் வைக்கிறார்கள். எடை மட்டும் கூடுதலாக இருக்கலாம். செலவு பின்னால் வரும்.

கார் கேரியரில் தொங்கவிட்டு எடுத்துச் செல்கிறவர்களுக்குக் கழுத்துக்கும் சீட் கம்பிக்கும் நடுவே மாட்டும் தற்காலிகப் பார் ஒன்று வாங்க வேண்டும். கனமான பேட்டரி வண்டியை அந்தப் பாரில் தொங்கவிடாதீர்கள், அதற்குச் சக்கரங்களைத் தாங்கும் மேடை வகைதான் சரி. குழந்தை சீட்டோ கனமான சுமையோ உண்டென்றால் இரண்டு கால் ஸ்டாண்டு கட்டாயம். ஏற்றும்போது ஹேண்டில் தானாகத் திரும்பி வண்டி சாயாமலிருக்க, முன் ஃபோர்க்கையும் கீழ்பாரையும் இணைக்கும் ஸ்பிரிங் ஒன்று கிடைக்கும். விலை குறைவு, பயன் அதிகம். நீளமான ஆடை அணிகிறவர்கள் முழுச் செயின் கவரையும் பின்சக்கர உடைக் காப்பையும் வண்டியோடு சேர்த்தே பேரம் பேசுங்கள், பிறகு தனியாகப் பொருத்தினால் மட்கார்டோடு ஒத்துப்போவதில்லை. பூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எங்கே மாட்டுவது என்று இப்போதே பாருங்கள். முக்கோணம் இல்லாததால் அதற்கான இடமும் இல்லை.

மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் ஒரு முறை கடையிலேயே தூக்கிப் பாருங்கள். தோளில் மாட்ட மேல்பார் கிடையாது. சில படிகள் ஏறியதும் தெரிந்துவிடும்.

8. காகிதங்கள்

பில்லில் மாடல் பெயர் மட்டும் போதாது. ஃப்ரேம் எண் எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் பெடல் அச்சின் அடியில், இல்லாவிட்டால் சீட் குழாயிலோ கழுத்திலோ பொறித்திருக்கும். வண்டியைச் சாய்த்து நீங்களே படித்து, பில்லில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் புகாருக்கும் காப்பீட்டுக்கும் ஃப்ரேம் உத்தரவாதத்துக்கும் கேட்பது இதைத்தான்.

உத்தரவாத அட்டையில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். முதல் உரிமையாளருக்கு மட்டுமா? குழந்தை சீட்டோ இழுவண்டியோ பொருத்தினால் செல்லாதா? இரண்டாவதற்குப் பதில் தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரி வண்டிக்கு, பேட்டரிப் பூட்டின் சாவி எண்ணையும் பேட்டரியின் தொடர் எண்ணையும் தனியாகக் குறித்து வையுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்க அந்த எண்தான் வழி.

பழைய வண்டி வாங்கினால் முந்தைய பில்லின் நகலும், விற்பவர் கையெழுத்திட்டு ஃப்ரேம் எண் குறிப்பிட்ட ஒரு தாளும் வேண்டும். எண் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். முன்பு சொன்ன சீட் குழாய்ப் பகுதியில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தாலும் அப்படியே. அலுமினிய ஃப்ரேமில் விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து.

9. எப்போது, எவ்வளவு நேரம்

கூட்டம் இல்லாத வேலைநாள் காலையில் போங்கள். அவசரமில்லாமல் ஓட்டிப் பார்க்க விடுவார்கள். ஐந்து நிமிடச் சுற்று பயனில்லை, அரை மணி நேரமாவது கேளுங்கள். இடையில் பல முறை ஏறி இறங்குங்கள், அதற்காகத்தானே வாங்குகிறீர்கள். உங்கள் சைஸ் கையிருப்பில் இல்லையென்றால் “இதையே சீட்டை ஏத்தி ஓட்டிக்கலாம்” என்பார்கள். காத்திருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பில் போட்ட நாளிலிருந்தா, வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தா என்று முன்பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்களில் பிரேக் கேபிள் தளரும், ஸ்போக்குகள் படியும், கேரியர் திருகுகள் நெகிழும். அந்த முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், சில உத்தரவாதங்கள் அதில் முத்திரை விழாவிட்டால் செல்லாது. பழுதுபார்க்கும் தாங்கியில் மாட்டும்போது ஃப்ரேம் குழாயைக் கவ்வவிடாமல் சீட் கம்பியைக் கவ்வச் சொல்லுங்கள். மெல்லிய சுவர்க் குழாய் நசுங்கினால் சரிசெய்ய முடியாது.

10. ஏறுவதும் இறங்குவதும்

இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டியை உங்கள் பக்கம் லேசாகச் சாயுங்கள். காலை நுழைத்துச் சீட்டுக்கு முன்னால், வண்டி இரு கால்களுக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். ஒரு பெடலை முன்மேல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதை மிதித்து எழும்போதே வண்டி நகரும், நீங்களும் சீட்டுக்கு வந்துவிடுவீர்கள். நின்றபடியே சீட்டில் உட்கார்ந்துகொண்டு கிளம்ப முயன்றால் சீட்டை அளவுக்கு மீறித் தாழ்த்த வேண்டிவரும், அது முழங்காலுக்குத்தான் கேடு.

இறங்கும்போது வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன் சீட்டிலிருந்து முன்னால் நழுவி, அடிப்பெடலில் ஒரு காலோடு நின்று, மறு காலைத் தரையில் ஊன்றுங்கள். வண்டி நின்றபிறகு, பிரேக்கை விடாமல், ஏறும்போது உள்ளே வைத்த காலை வெளியே எடுங்கள். குதிகால் தட்டும் என்று சொன்னேனே, அது இங்கேதான். பாதத்தைப் பின்னோக்கி மடக்காமல், முழங்காலை முன்னால் உயர்த்தி எடுத்தால் தட்டாது. குழந்தையைக் கூட்டிப்போவதற்கு முன், சுமையைக் கட்டிக்கொண்டு இதைச் சில நாள் பழகிவிடுங்கள்.